சாயப்பட்டறை வெந்நீரும் தக்காளிக் கிடங்கும்

திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியன் பெட்டிகளுள் ஒரு சிறு பொட்டலம் வைக்கப்படுவதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். தின்னத் தகாதது என்று மேலே அச்சிட்டிருக்கும். உள்ளே உடைந்த கற்கண்டு போன்ற மணிகள் இருக்கும். கடல் யாத்திரையில் பெட்டிக்குள் ஊறும் ஈரத்தை வாங்கிக்கொண்டு, துணியில் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது அதன் பணி. சிலிக்கா ஜெல் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்ட்டர் பாட்ரிக் என்பார் 1919ஆம் ஆண்டில் இதன் செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஒரு குளிர்சாதன யந்திரம் செய்யலாம் என்றால் நம்பச் சிலர் தயங்கக்கூடும். ஆனால் அத்தகைய யந்திரம் உண்டு. அதை வாங்குவதற்கான யோசனையொன்று அண்மையில் நம் பார்வைக்கு வந்தது. சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒரு நெசவாளர் சங்கமும், அண்டையிலுள்ள விவசாயிகள் சங்கமும் சேர்ந்து அனுப்பிய யோசனை அது. பட்டறையில் வீணாகும் வெந்நீரைக் கொண்டு யந்திரத்தை ஓட்டித் தக்காளிக்கு ஒரு குளிர்க் கிடங்கு அமைப்பது அவர்கள் நோக்கம். "வெப்பம் இலவசம், ஆகையால் குளிர்ச்சியும் இலவசம்" என்று கோப்பில் ஒரு வாக்கியம் இருந்தது. முதல் வாசிப்பில் அது நமக்கும் இனிமையாகவே பட்டது. சிபாரிசுக் குறிப்புக்கூட எழுதிவிட்டோம். இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தபோதுதான் அந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை எவரும் கணக்கிடவில்லை என்று கண்டு, நம் குறிப்பை நாமே அடித்தோம். அங்கத்தினர்களின் பங்குத் தொகையைத் தொடும் விஷயமாதலால், நாம் கற்றதை இங்கே சொல்லி வைக்கிறோம்.

பரப்புக் கவர்தல்

உலர்ந்த சிலிக்கா ஜெல் மணிகளை ஒரு பித்தளை டம்ளரில் இட்டுச் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். மணிகள் படபடவென்று வெடிக்கும். டம்ளரின் அடி சுடும். அடுப்பில்லை, நெருப்பில்லை, வெப்பம் எங்கிருந்து வந்தது? மணியினுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அத்துளைகளின் சுவர்ப் பரப்பையெல்லாம் விரித்துப் பரப்பினால், ஒரே ஒரு கிராம் ஜெல்லுக்கு 600 சதுர மீட்டருக்குமேல் வரும். நம் கணக்கில் ஏறத்தாழ 15 சென்ட் நிலம்! அந்தப் பரப்பில் நீரின் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அலைந்து திரிந்த ஆவி ஓரிடத்தில் அடங்கும்போது தன் உஷ்ணத்தைக் கொட்டிவிடுகிறது. இதைப் பரப்புக் கவர்தல் என்பர். ஒரு கிலோ நீராவி இவ்வாறு ஒட்டும்போது வெளிவரும் உஷ்ணம், அதே ஆவி வெறுமனே நீராகக் குளிரும்போது வெளிவருவதைவிடச் சற்று அதிகம்.

மணிகளைச் சூடாக்கினால் நிகழ்ச்சி தலைகீழாகும். ஒட்டிய நீர் ஆவியாகிப் பிரிந்து செல்லும். ஜெல் மீண்டும் பசியோடு நிற்கும்.

நெசவாளருக்கு இது முற்றிலும் புதிய சேதியன்று. முற்றாக உலர்ந்த 100 கிலோ பஞ்சு நூல், வியாபாரத்தில் அனுமதிக்கப்பட்ட ஈரம் 8.5 கிலோவை ஏற்று 108.5 கிலோவாக நிறுக்கிறது. சித்திரை வெயிலில் பிரித்த சிட்டம் எடை குறைந்ததென்று எத்தனை சங்கங்களில் வழக்கு நடந்திருக்கிறது! பஞ்சில் ஈரம் இழையின் உள்ளேயே புகுந்துவிடுவதால் அதைச் சரியாகப் பரப்புக் கவர்தல் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், ஈரம் ஏறும்போது நூல் சூடாவதும், சூடேறும்போது ஈரம் விடுவதும் இரண்டுக்கும் பொது.

யந்திரத்தின் போக்கு

கிணற்றில் நீர் கீழே இருக்கிறது. தோட்டம் மேலே இருக்கிறது. முன்னாளில் கவலை பூட்டி மாடு ஓட்டி ஏற்றினோம். பிறகு மோட்டார் வந்தது. உஷ்ணமும் அப்படித்தான். அது தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குப் பாயுமேயொழிய எதிராக ஏறாது. குளிர்ந்த அறையிலிருந்து உஷ்ணத்தை இறைத்து வெளியே கொட்ட வேண்டுமாயின், ஏதேனும் ஒன்று உழைத்தாக வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டியில் கம்பிரஸர் உழைக்கிறது. நாம் பேசும் யந்திரத்தில் கம்பிரஸரின் ஸ்தானத்தில் சிலிக்கா ஜெல் நிற்கிறது. அதற்கு இரை வெந்நீர். இதனால்தான் இதை வெப்பப் பம்பு என்றும் சொல்கிறார்கள்.

காற்று முழுவதும் நீக்கப்பட்ட ஓர் இரும்புக் கலத்தில் சிறிது தூய நீர் இருக்கிறது. பக்கத்து அறையில் உலர்ந்த ஜெல் இருக்கிறது. இடைக் கதவைத் திறந்ததும் ஜெல் ஆவியை இழுக்கிறது. காற்றழுத்தம் இல்லாத கலத்தில் நீர் 10 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தைத் தன்னைச் சுற்றியுள்ள குழாயிலிருந்து பறித்துக்கொள்கிறது. அந்தக் குழாயில் ஓடும் நீர் குளிர்ந்து கிடங்குக்குச் செல்கிறது. பானை நீர் கோடையில் குளிர்வதற்கும் இதுவே காரணம்.

ஜெல் நிறைந்தபின் அந்த அறையின் குழாய்களில் 80 டிகிரி வெந்நீரை விடுகிறார்கள். ஜெல் ஆவியை உமிழ்கிறது. உமிழ்ந்த ஆவி வேறொரு கலத்தில் நீராகி, மீண்டும் முதல் கலத்துக்குத் திரும்புகிறது. ஓர் அறை காயும்போது மற்றோர் அறை குடிக்க வேண்டுமென்பதற்காக இரண்டு ஜெல் அறைகள் வைக்கப்படும். ஓசையில்லை, மின்சாரம் நீரைச் சுற்றும் பம்புகளுக்கு மட்டும். ஜப்பானில் 1980களிலேயே இவை விற்பனைக்கு வந்தன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் சிலிக்கா ஜெல்லும் நீரும் கொண்ட ஏற்பாட்டில் குளிர்ச்சியோடு நன்னீரும் பெறுவது பற்றி ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

சிக்கல் எங்கே இருக்கிறது?

கோப்பில் விடுபட்டது காலக் கணக்கு. ஒரு டன் குளிர்ச்சி என்று வியாபாரிகள் சொல்வது, ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகித் தரும் குளிர்ச்சி. அதைப் பெற நம் யந்திரத்தினுள் மணிக்குச் சுமார் 5 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். ஜெல் ஒவ்வொரு முறையும் தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு நீரை வாங்கி விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை குடிப்பதற்கு 10 நிமிடம் ஆகுமானால், அதற்குள் 850 கிராம் நீர் போக வேண்டும். அறைக்குச் சுமார் பத்தரைக் கிலோ ஜெல் போதும். அதே வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகுமானால், அறைக்கு 63 கிலோ வேண்டும். ஜெல் ஆறு மடங்கு. அதைத் தாங்கும் கலமும் குழாயும் அதற்கேற்பப் பெருக்கும். குளிர்ச்சியோ அதே ஒரு டன்தான். யந்திரத்தின் விலையை நிர்ணயிப்பது வெந்நீரின் அளவன்று. ஜெல் எவ்வளவு விரைவில் சூடாகி, எவ்வளவு விரைவில் குளிர்கிறது என்பதே.

ஜெல் விரைவில் சூடாக மறுக்கிறது. குவித்து வைத்த மணிகளினூடே உஷ்ணம் செல்லும் வேகம், அலுமினியத் தகட்டினூடே செல்வதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மணியும் மணியும் ஒரு புள்ளியில்தான் தொட்டுக்கொள்கின்றன. இடையே எல்லாம் வெற்றிடம். பஞ்சு மெத்தை உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காப்பதை நினைத்தால் இது விளங்கும். அதிலும் ஒரு கொடிய விதி உண்டு: படுகையின் கனம் இரண்டு மடங்கானால், உஷ்ணம் ஊடுருவும் காலம் நான்கு மடங்காகும். 2 மில்லிமீட்டர் கனத்துக்கும் 10 மில்லிமீட்டர் கனத்துக்கும் வித்தியாசம் 25 மடங்கு. குழாயைச் சுற்றி ஜெல்லைக் கொட்டி நிரப்பிவிட்டு வெந்நீரை எவ்வளவு வேகமாக விட்டாலும், குழாயை ஒட்டிய மணிகள் வெந்துகொண்டிருக்க, விளிம்பு மணிகள் சும்மா கிடக்கும்.

இதற்குப் பரிகாரம் என்ன? மணிகளைப் பொடியாக்கி, பசை சேர்த்து, தகட்டோடு இறுக்கி ஒட்டலாம். உஷ்ணம் நன்றாகப் பாயும். ஆனால் இப்போது ஆவிக்கு வழி அடைபடுகிறது.

இந்த இடத்தில் சாயமிடுவோர் தம் அனுபவத்தைக் கொண்டே விஷயத்தைப் பிடித்துவிடலாம். கோன் சாயமிடும்போது நூலைத் துளையிட்ட கோனில் தளர்வாகச் சுற்றுகிறோம். இறுக்கிச் சுற்றினால் ஒரே கோனில் அதிக நூல் கொள்ளும். ஆனால் சாய நீர் உள்ளே பாயாமல், மேல் அடுக்கு கருத்தும் உள் அடுக்கு வெளுத்தும் வந்து சரக்கு தள்ளுபடியாகும். மிகத் தளர்த்தினால் நூல் சரிந்து குலையும். சாய மாஸ்டர் இரண்டுக்கும் நடுவே ஒரு பதத்தைத் தேடுகிறார். ஜெல் படுகையிலும் அந்தப் பதத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இறுகினால் உஷ்ணத்துக்கு நல்லது, ஆவிக்குக் கெடுதி. தளர்ந்தால் ஆவிக்கு நல்லது, உஷ்ணத்துக்குக் கெடுதி.

ஆவியின் வழி என்பது சிறு விஷயம் அன்று. சமையலறையில் 100 டிகிரியில் எழும் ஒரு கிராம் ஆவி ஒன்றேமுக்கால் லிட்டருக்குள் அடங்கும். நம் கலத்தில் 10 டிகிரியில் எழும் ஒரு கிராம் ஆவியோ 106 லிட்டர் இடம் கேட்கிறது! ஆனால் அதைத் தள்ளும் அழுத்தம், வெளிக் காற்றின் அழுத்தத்தில் எண்பதில் ஒரு பங்குக்குமேல் இல்லை. திருவிழாக் கூட்டத்தைத் திண்ணை வாசலில் நுழைக்கும் கதைதான். கதவும் குழாயும் சிறுத்திருந்தால், ஜெல் எவ்வளவு பசியோடு இருந்தும் பயனில்லை.

இதனினும் அபாயமானது காற்றுக் கசிவு. பற்றவைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் காற்று உள்ளே புகும். ஆவி ஜெல்லை நோக்கி ஓடும்போது இந்தக் காற்றையும் தள்ளிக்கொண்டு போகிறது. ஆவி ஜெல்லில் ஒட்டிக்கொள்ள, காற்று ஒட்டாமல் மணிகளின் முன்னே திரையாக நின்றுவிடுகிறது. பின்னால் வரும் ஆவி அந்தத் திரையைத் துளைத்துச் செல்ல வேண்டும். முதல் மாதம் நன்றாகக் குளிர்ந்து, மூன்றாம் மாதம் மந்தமாகும் யந்திரத்தில் முதலில் சோதிக்க வேண்டியது இதுவே. காற்றை இழுக்கும் பம்பு உடன் வருகிறதா, அதை யார் எத்தனை நாளைக்கொரு முறை ஓட்டுவார் என்பது கோப்பில் இல்லை.

உஷ்ணத்தின் வழியைச் சீர்திருத்த நிபுணர்கள் கைக்கொள்ளும் முறை, குழாய்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாக நிறுத்தி, இடைவெளியில் சிறு மணிகளை நிரப்புவது. இன்னும் சிலர் தகட்டின் மேலேயே ஜெல்லை மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். இதிலும் ஓர் இழுபறி உண்டு. தகடு கூடக் கூட ஜெல் விரைவில் சூடாகும். ஆனால் அந்தத் தகடும் ஒவ்வொரு சுற்றிலும் சூடாகிக் குளிர வேண்டுமாதலால், வெந்நீரின் ஒரு பகுதி உலோகத்தைச் சூடாக்குவதிலேயே செலவாகும். ஆகவே நல்ல யந்திரத்திலும் 100 பங்கு உஷ்ணம் கொடுத்தால் 50 பங்கை ஒட்டித்தான் குளிர்ச்சி கிடைக்கிறது.

திருப்பூரில் வைத்துப் பார்த்தால்

வெந்நீருக்கு இங்கே குறைவில்லை. சாயமிட்ட துணியை 90 டிகிரியை ஒட்டிய சோப்பு நீரில் அலசுகிறோம். வெளுப்பு நீரும் அவ்வளவு சூடானதே. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டபின், கழிவுநீரை ஒரு சொட்டும் நொய்யலில் விடாமல் சுத்திகரித்து மீட்கும் முறையிலேயே பட்டறைகள் மறுபடி திறக்கப்பட்டன. சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களும் சவ்வுகளும் சூட்டைத் தாங்கமாட்டாவாதலால், அந்த நீரை ஆற வைத்தே அனுப்புகிறோம். விறகு எரித்து ஏற்றிய உஷ்ணத்தை வானத்தில் விடுகிறோம் என்பது மெய். சங்கத்தார் அதைக் கண்டு மனம் நொந்தது நியாயமே.

ஒரு டன் யந்திரத்துக்கு மணிக்கு 1,000 லிட்டர் வெந்நீர் வந்து 6 டிகிரி ஆறிச் சென்றால் போதும். அதுவரை கணக்கு இனிக்கிறது. ஆனால் சோப்பு நீரில் பஞ்சுத் தூசும் உப்பும் மிதக்கின்றன. அதை நேரே ஜெல் அறைக்குழாயில் விட இயலாது. நடுவே தகட்டு மாற்றி ஒன்று வைத்துத் தூய நீருக்கு உஷ்ணத்தை மாற்ற வேண்டும். அத்தகடுகளில் தூசு அடைத்துக் காரை படிந்தால், 80 டிகிரி என்று எண்ணிய இடத்தில் 70 டிகிரிதான் சென்று சேரும். பாய்லர் குழாயில் காரை படிந்து விறகுச் செலவு ஏறுவதை அறிந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

மற்றொன்று, உள்ளே வந்த வெந்நீர் உஷ்ணமும் கிடங்கிலிருந்து எடுத்த உஷ்ணமும் சேர்ந்து குளிர்விப்புக் கோபுரத்தின் வழியே வெளியேற வேண்டும். இதற்காக டன் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 15 லிட்டர் நீர் வானத்தில் ஆவியாகிறது. மின்சார யந்திரத்தில் இதில் பாதியளவே போகும். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில் இந்த 15 லிட்டரும் செலவுப் பத்தியில் ஏற வேண்டும். கோடையில் கோபுரத்து நீர் சூடேறினால் யந்திரத்தின் திறனும் இறங்கும். தக்காளிக்குக் குளிர்ச்சி அதிகம் வேண்டியது அதே கோடையில்தான்!

எல்லாவற்றுக்கும் முன் கேட்க வேண்டியது வேறொன்று. அதே வெந்நீரைக் கொண்டு அடுத்த சாயத் தொட்டிக்குரிய பச்சைத் தண்ணீரைச் சூடாக்கினால் என்ன? 100 பங்கு உஷ்ணமும் அப்படியே விறகுக் கணக்கில் மிச்சமாகும். யந்திரத்தில் விட்டால் 50 பங்கு குளிர்ச்சி. அதை மின்சார யந்திரத்தில் பெற 17 பங்கு மின்சாரம் போதும். மின்சாரம் விறகைவிட விலை கூடியதென்பதை ஒப்புக்கொண்டாலும், இந்தக் கணக்கில் முதல் உரிமை சாயத் தொட்டிக்கே என்பது நம் அபிப்பிராயம். அதற்குப் போக மீதி நிற்கும் உஷ்ணமே யந்திரத்துக்குரியது. அது எவ்வளவு, இரவிலும் கிடைக்குமா, பட்டறை நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில் கிடங்கின் கதி என்ன என்பவற்றை அளந்துதான் சொல்ல முடியும்.

யோசனையே வீண் என்று நாம் சொல்லவில்லை. தக்காளியைப் பொறுத்தவரை இந்த யந்திரத்தின் குறையே பொருத்தமாய் அமைகிறது. வேலை செய்வது நீராதலால், அது உறையும் எல்லைக்குக் கீழே இதனால் குளிர்விக்க இயலாது. 7 முதல் 15 டிகிரி வரையுள்ள குளிர்நீரே இதன் இயல்பான விளைச்சல். முழுதும் பழுக்காத தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் நிறமும் சுவையும் கெடும். 12, 13 டிகிரியே அதற்கு உகந்தது. ஒரு டன் தக்காளியை 32 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கு இறக்க, சுவர்வழி வரும் சூட்டைச் சேர்க்காமலே, ஒரு டன் யந்திரம் 6 மணி நேரம் ஓட வேண்டும். உடுமலைப் பக்கத்தில் விலை விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிய நாட்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு வாரத் தவணை கிடைத்தாலும் அதன் மதிப்புத் தெரியும்.

கோப்பை நிராகரிக்காமல், விளக்கம் கேட்டுத் திருப்பியிருக்கிறோம். யந்திரம் விற்பவர் டன் கணக்கை மட்டும் சொன்னால் போதாது. எந்த வெந்நீர்ச் சூட்டில், எந்தக் கோபுரத்து நீர்ச் சூட்டில் அந்த டன் கிடைக்கும், ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம், அறைக்கு எத்தனை கிலோ ஜெல், அது எவ்வளவு கனமாகப் படுக்கிறது, கசிவுக்கு எத்தனை ஆண்டு பொறுப்பேற்பார் என்பவற்றை எழுத்தில் தர வேண்டும் என்று குறித்தோம். சுற்றுக் காலத்தைச் சொல்ல மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்கலாகாது என்று நிர்வாகக் குழுவுக்கு நேரிலும் சொன்னோம். நெசவாளர் சங்கத்துக் காரியதரிசி இதற்குள் சோப்பு நீர்க் குழாயில் ஓர் உஷ்ணமானியும் நீர்மானியும் பொருத்தி, மணிக்கொரு முறை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார். ஒரு மாதக் கணக்கு சேர்ந்தபின் இரு சங்கத்தாரும் கூடுகிறார்கள்.